யானைக்குட்டி சொல்லாதது

அந்த யானைக்குட்டியை எனக்கு இப்போது பிடிக்காது. அப்போது அதற்காகச் சோற்றைக்கூட விட்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசி. இலங்கையில் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடுகள், டிவி ஒரு வீட்டில்தான். கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி. ஞாயிறு பகலில் அதில் ஒரு கார்ட்டூன் வரும். கூட்டத்தைத் தொலைத்த யானைக்குட்டி தாயைத் தேடி நடக்கும். மூன்று வருடமாக நடந்துகொண்டே இருந்தது. பேச்சு முழுக்கச் சிங்களம். எங்களுக்கு ஒரு எழவும் புரியாது. படத்தைப் பார்த்து நாங்களே கதை கட்டிக்கொள்வோம்.

பிறகு அக்கா வந்தாள். பதினான்கு வயதில் அவளைக் கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் வேலைக்கு விட்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாடு போனதால் ஒரு வருடம் எங்களோடு இருந்தாள். டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டி பேசப் பேச உடனே தமிழில் சொல்வாள். கரடிக்கு ஒரு குரல். குரங்குக்கு எங்கள் கணக்கப்பிள்ளையின் குரல். எல்லோரும் விழுந்து சிரிப்போம். கேட்டுக் கேட்டு எனக்கும் சிங்களம் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்காரர்கள் திரும்பி வந்ததும் அக்காவைக் கேட்டுக் கடிதம் போட்டார்கள். போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அப்பாவிடம் அப்படிப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. வயிற்றுவலி, காய்ச்சல் என்று நாளைக் கடத்தினாள். கடைசியில் அப்பா, திங்கட்கிழமை ரயில் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். இனி யார் கதை சொல்வது? அதற்கு முதல்நாள் ஞாயிறோடு தொடர் முடிகிறது என்று டிவியில் அறிவித்தார்கள். கவலை போயிற்று. திங்கட்கிழமை அக்கா போனால் நட்டமில்லை என்று நினைத்தேன். நான் அப்படிப்பட்ட பிள்ளைதான்.

கடைசி ஞாயிறு, கார்ட்டூன் பக்கமே வராத அப்பாவும் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"இன்னைக்காவது இது வீடு போய்ச் சேருமா? பதுளை பஸ்ஸே இதுக்கு முந்தி வந்துரும் போல" என்றார் டிவிக்கார மாமா.

சேர்ந்துவிட்டது. ஆற்றுக்கு அக்கரையில் கூட்டம் நின்றது. குட்டி ஓடிப்போய்த் தாயின் காலடியில் நின்று ஏதோ சொன்னது. அக்கா டிவியைப் பார்க்கவில்லை. வாசற்படியைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னைய மறுபடி அங்க அனுப்பாதீங்கப்பா. அங்க எனக்குப் பயமா இருக்குப்பா."

குரங்குக் குரலும் இல்லை, கரடிக் குரலும் இல்லை. அவளுடைய குரல். அப்பாவின் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் முந்திக்கொண்டேன்.

"பொய்யி! குட்டி அப்பிடிச் சொல்லல. பசிக்குதும்மான்னுதான் சொல்லுச்சு. அதுக்கு ஏது அப்பா?"

பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "ஏன் புள்ள, கடைசி நாள்ல கதைய மாத்துற?" என்று சொல்லிவிட்டு, மீதித் தேத்தண்ணியை வாசலில் ஊற்றிவிட்டு எழுந்து போனார். அவருக்குப் புரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அக்கா மீதிக் கதையைச் சொல்லவில்லை. அதற்காக அன்றைக்கு முழுக்க அவளோடு நான் பேசவில்லை.

மறுநாள் காலை ஸ்டேஷனில், ரயில் ஏறுமுன் என் தலையில் கை வைத்தாள். "ஒனக்குச் சிங்களம் நல்லா வந்துருச்சுடி" என்றாள்.

ரயில் போனதும் லயத்துக்கு ஓடிவந்தேன். அக்கா என்னைப் பாராட்டியதை வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.