அத்தை கொடுத்த வாக்குமூலம்

அத்தையின் கழுத்துவழியே இறங்கிய அந்தக் கறுப்புக் கோடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் அது காதுக்குப் பின்னாலிருந்து மெல்லிய நூல்போலக் கிளம்பியது. பிறகு இரண்டாகவும் நான்காகவும் பிரிந்து, மஞ்சள் ரவிக்கையின் முதுகில் பரவியது. ஆரணியில் அன்று ஐப்பசி மழை. நான் பள்ளிக்கூடப் பையோடு, அப்பா தறி நெய்த முதலாளி வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது, முதலாளியம்மா அத்தையின் கொண்டையைப் பிடித்து மழைக்குள் இழுத்து நிறுத்தியிருந்தார். தண்ணீர் தலையில் விழ விழக் கறுப்பு ஒழுகிக்கொண்டே இருந்தது. தலைமுடி எவ்வளவு நனைந்தாலும் அப்படி ஒழுகாது. சாயம்தான் ஒழுகும்.

"எந்தப் பட்டறையிலடி உன் முடிக்குச் சாயம் போட்டே?" என்று கேட்டபடியே முதலாளியம்மா அறைந்தார். கேள்வி ஒன்று, அறைகள் நாலைந்து. அப்போதும் அத்தை, "வேப்பெண்ணெய்ங்கம்மா, மழையில எறங்குது" என்றாள்.

முற்றத்தில் இருந்த யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவள் பல்லைக் கொண்டுபோனது என்று நினைக்கிறேன். ஏனென்றால், அந்த வேப்பெண்ணெய்க்கு ஒரு கதை இருந்தது. அத்தையின் கொண்டை சில நாட்களில் மட்டும் பெரிதாக இருப்பதைப் பார்த்து, அப்படி என்னதான் தடவுகிறாய் என்று முதலாளியம்மா ஒருமுறை கேட்டிருந்தார். "வேப்பெண்ணெய்ங்க. நாத்தம்தான். ஆனா முடி சும்மா கிடுகிடுன்னு வளரும்" என்று அத்தை சொல்லிவைத்தாள். அதை நம்பி அந்த அம்மாள் மாதக்கணக்கில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு, முதலாளியே கிட்டே வராத அளவுக்கு நாறிக்கொண்டிருந்தார். தறிக்கூடம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது. இப்போது அந்தச் சிரிப்பு அவர் காதிலேயே விழுந்துவிட்டது. சுவரில் சாய்த்திருந்த உலக்கையை எடுத்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவளைக் கலசப்பாக்கம் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் புருஷன் கொள்ளிக்கட்டையால் சுட்ட தழும்பு அவள் இடது முழங்கையில் ஒரு நத்தையைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். சுட்ட அன்றைக்கே அம்மிக்குழவியைத் தூக்கி அவன் பாதத்தில் போட்டாள். அவன் நசுங்கிய விரல்களைப் பிடித்துக்கொண்டு கத்தும்போதே பஸ் ஏறிவிட்டாள். பிறகு ஆரணியில் அரிசி மில்லில் மூட்டை தூக்கும் ஒருவனிடம், தான் விதவை என்று பொய் சொல்லிக் குடித்தனம் நடத்தினாள். உண்மை தெரிந்ததும் அவன் அவளுடைய தோள்பட்டை எலும்பை உடைத்தான். அவள் அவனுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "எலும்புக்கு சைக்கிளு. சரியா பூடிச்சி" என்று சொல்லிச் சிரித்தாள். கட்டுப் போட்ட கையோடு அவள் வாசலில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் ஏழாம் வகுப்பு. மழை பெய்த அந்த மாலைக்குப் பதினாலு மாதம் முந்தைய கதை அது.

அப்பா முதலாளியின் தறியில் கூலிக்கு நெய்பவர். அவர் கேட்டுக்கொண்டதால் அத்தைக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. சாயம் போட்டு வரும் பட்டு நூல் கற்றையை, அதாவது சிட்டத்தை, ராட்டையில் ஓட்டித் தாராகச் சுற்ற வேண்டும். தார் என்பது தறியில் இடமும் வலமுமாக ஓடும் நாடாவுக்குள் போகும், நூல் சுற்றிய சின்னக் குச்சி. சிட்டத்தை எடை போட்டுக் கொடுத்து, தாரையும் எடை போட்டு வாங்குவார்கள். அதில் எடுக்க முடியாது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அத்தை சுற்றிய தார்களை ஈர மணல்மேல் துணி விரித்துக் கொஞ்ச நேரம் வைப்பாள். பட்டு ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். "பட்டுக்கும் தாகம் எடுக்குமில்லடி" என்பாள். எடுத்த நூலைச் சவுரிபோலச் சுருட்டிக் கொண்டைக்குள் வைத்துக்கொள்வாள். அதனால் கறுப்பு நூல் வரும் நாளில் மட்டும்தான் அவளால் திருட முடிந்தது. சிவப்போ பச்சையோ அவள் கையில் கோயில் பிரசாதம்போலப் பத்திரமாக இருக்கும்.

இது எனக்குத் தெரியும். முதல்முறை எடுத்த அன்று நான் ராட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள், கண்ணைச் சிமிட்டினாள், நூலைச் சுருட்டினாள். அன்று வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்: "உள்ளேருந்து தாப்பா போட்டுக்கற மாதிரி ஒரு ரூமு வேணும்டி. நான் தொறந்தாத்தான் ஒருத்தன் உள்ள வரணும். அதுக்குத்தான்." அவள் அதுவரை வாழ்ந்த எந்த வீட்டிலும் அவளுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. எட்டு மாதம் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அவளைக் காட்டிக்கொடுத்தது சாயப்பட்டறையின் அவசரம். ஏதோ கல்யாண ஆர்டருக்காகக் கறுப்பைச் சரியாக அலசாமல் அனுப்பிவிட்டார்கள். விரலில் ஒட்டிய சாயத்தைப் பார்த்தே அத்தைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வெயில்தானே என்று கொண்டையில் வைத்தாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

உலக்கையின் முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் மழைத்தண்ணீரில் விழுந்து மிதந்தன என்றுதான் சொல்ல வந்தேன். பல் மிதக்காது. அவை ரத்தத்தோடு கல் இடுக்கில் கிடந்தன. அத்தையும் சும்மா இருக்கவில்லை. முதலாளியம்மாவின் கையைக் கடித்தாள். அதன்பிறகு நாலு ஆண்கள் அவளைப் பிடித்தார்கள். ஜரிகை வெட்டும் கத்திரியால் முதலாளி அவள் தலைமுடியை அடியோடு வெட்டினார். முடியும் பட்டும் ஒன்றாக விழுந்தன. எது அவளுடையது, எது முதலாளியுடையது என்று தரையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. காதின் மேல்பாகமும் கொஞ்சம் அறுந்தது. தறிக்குழியிலிருந்து அப்பா எழுந்து வந்தார். அவர் தடுப்பார் என்று நினைத்தேன். "என் மானத்த வாங்கிட்டியேடி" என்று கத்திக்கொண்டு, மற்ற எல்லோரையும்விட அதிகமாக அவர்தான் அடித்தார். அத்தையின் வலது கையை முறுக்கினார். கட்டைவிரலில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடிக்கு நடுநடுவே அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"போதும் விடுய்யா. எழுதி வாங்கிக்கலாம்" என்றார் முதலாளி. அவருக்கு எழுதத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்து, "உன் பொண்ணு படிக்குதுல்ல? அதுவே எழுதட்டும். சொந்த ஆளு எழுதினா நாளைக்கு மாத்திப் பேச முடியாது" என்றார். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கடிதம் வந்தால் தெருவே என்னிடம் கொண்டுவரும். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து ஓரத்தில் கோடு போட்டேன்.

முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன். "நான் மூன்று வருடங்களாகப் பட்டு நூல் திருடி வருகிறேன்" என்று அவர் சொன்னதும், தரையில் கிடந்த அத்தை தலையைத் தூக்கினாள். "எட்டு மாசம்தான். வந்தே ஒண்ணேகால் வருஷம்கூட ஆவலை. என் திருட்ட என் தலையில போடு, ஏத்துக்கறேன். அடுத்தவன் திருட்டு எனக்கு எதுக்கு?" என்றாள். பல் போன வாயிலிருந்து சொற்கள் காற்றோடு வந்தன. முதலாளி என்னைப் பார்த்தார். "எழுதும்மா" என்றார். அப்பாவும், "எழுதுடி" என்றார். பொய் என்று எனக்குத் தெரியும். எட்டு மாதம் என்பதற்கு அந்த முற்றத்தில் நான்தான் சாட்சி. மூன்று வருடங்கள் என்று எழுதினேன். மூன்றுக்கு மூன்று சுழி ‘ண்’ணா, இரண்டு சுழி ‘ன்’னா என்று ஒரு கணம் யோசித்து, சரியாகவே எழுதினேன்.

முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார்கள். நான் படித்தேன். நான் திருடினேன், நான் ஒளித்தேன், நான் விற்றேன், இனி ஆரணியில் எந்தத் தறிக்கூடத்திலும் நான் கால் வைத்தால் இந்தத் தாள் போலீசுக்குப் போகச் சம்மதிக்கிறேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நான் நான்னு நீதானே சொல்லிகினு கீறே? அப்ப நீதாண்டி திருடி" என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைநாட்டுக்கு மை டப்பா தேடியபோது முதலாளியம்மா, "அது எதுக்கு?" என்று அத்தையின் வீங்கிய கட்டைவிரலைப் பிடித்து, கீழே கிடந்த ஈரப் பட்டில் அழுத்தித் தாளில் ஒற்றினார். அப்போதுதான் அத்தை முதல்முறையாக அலறினாள். முதலாளி தாளைத் தூக்கிப் பார்த்தார். "கையெழுத்து முத்து முத்தா இருக்குது" என்றார். அந்த இடத்தில், அந்த அலறல் அடங்குவதற்குள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை அத்தை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு செய்யாறு பஸ் ஏறிப் போனாள். அப்பாவுக்குத் தறி நிலைத்தது. நான் பள்ளியை முடித்து, கல்லூரிக்கும் வந்தேன்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பழைய ஆங்கில நாவல் பாடமாக இருந்தது. சிறைக்கும் தெருவுக்கும் நடுவே பல புருஷர்களைக் கட்டி, திருடி, பொய் சொல்லி உயிர் பிழைத்த ஒருத்தியின் கதை. அவளே ‘நான்’ என்று சொல்வதுபோல எழுதப்பட்டது. கடைசியில் அவள் மனம் திருந்தியது உண்மையா, வெறும் பேச்சா என்று பேராசிரியை கேட்டார். வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒருத்தி, வயிறு காய்ந்தவளுக்கு ஒழுக்கம் எதற்கு என்றாள். இன்னொருத்தி, காய்ந்த வயிறுகள் எல்லாம் திருடுவதில்லையே என்றாள். எனக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த ‘நான்’ எழுதியவர் ஓர் ஆண் என்று புத்தகத்தின் அட்டையே சொல்லியது. அவள் எட்டு மாதம் என்று கத்தியிருந்தால் அவர் எத்தனை என்று எழுதியிருப்பார்?

அடுத்த விடுமுறையில் விசாரித்துக்கொண்டு செய்யாறு போனேன். தொழிற்பேட்டை வாசலில் ஷிஃப்டு முடிந்து வருகிறவர்களுக்கு அத்தை வடை சுட்டுக்கொண்டிருந்தாள். கடைக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட அறை. உள்ளே கம்பெனி பஸ் ஓட்டும் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். "இவுரு மூணாவது. அடிக்கிறதில்ல. ஒருவாட்டி கையத் தூக்கினாரு, எண்ணெய்க் கரண்டியக் காட்டினேன்" என்றாள். முடி கழுத்துவரைக்கும் வளர்ந்து நரைத்திருந்தது.

"அன்னிக்கு செஞ்சது தப்புன்னு எப்பவாவது தோணுதா அத்தே?" என்று கேட்டேன்.

"தோணாம? அலசாத நூல எடுத்தது தப்புதான்."

"நான் எழுதினதும் தப்பு. மூணு வருஷம்னு பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

வடையைத் திருப்பிப் போட்டாள். "நீ எழுதாங்காட்டி மொதலாளி எழுதியிருப்பான். உங்கப்பனுக்குத் தறி பூடும். உன் படிப்பும் பூடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

அதோடு விட்டிருக்கலாம். நானும் அதைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன். ஆனால் அத்தை கரண்டியை வைத்துவிட்டு என் வலது கையைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணுடி. எனக்கு எழுத்துதான் தெரியாது, கண்ணு தெரியும். வாயில ரத்தம் ஊத்த, உன் கையத்தான் பாத்துகினு இருந்தேன். ஸ்கேல் வெச்சி கோடு போட்டே. அடிச்சித் திருத்தாம வரிசையா எழுதினே. எழுதறது எழுதினே, ஒரு எடத்துல கை நடுங்கியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு எழுத்தாவது கோணலா வந்திருக்கக் கூடாதா?"

"ஜல்தி சாப்புடு, ஆளுங்க வந்துருவாங்க" என்று அவள் வடைத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வரிகள் நேராகத்தான் வருகின்றன.