புங்கமரம் இருந்த இடம்

என் அப்பாவுக்குத் தெரிந்த கன்னடம் மொத்தம் ஆறு சொற்கள். ஆறும் நாயிடம் பேசுவதற்கு. கண் தெரியாத அவரைத் தினமும் பஸ் ஸ்டாப் வரை கூட்டிப்போன ராணியைப் பெங்களூர்ப் பக்கம் பழக்கியிருந்தார்கள். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்த பிறகும் அது தமிழுக்குக் காது கொடுக்கவில்லை. எட்டு வருடம் அதன் முதுகுப் பட்டையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா வேலைக்குப் போனார்.

எங்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டியதுமே ஒரு புங்கமரம் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். ராணி அங்கே இடப்பக்கம் நாலு அடி வளைந்து அப்பாவைக் கொண்டுபோகும். ரோட்டை அகலம் பண்ணியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தை வெட்டினார்கள். ரம்பச் சத்தத்தை அப்பாவும் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் ராணி வளைந்துதான் போனது. அப்பா சிரித்துக்கொண்டே கூடவே வளைந்தார்.

அடுத்த கோடையில் ராணி செத்துப்போனது. எனக்குப் பத்து வயது, பள்ளி விடுமுறை. அப்பா என் தோளில் கை வைத்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். அந்த நாட்களில் இருந்த பெருமை பிறகு எந்த வேலையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் நேராகத்தான் கூட்டிப்போனேன். மரம் இருந்த இடம் வரும்போது மட்டும் தோளில் இருந்த கை கொஞ்சம் இறுகும்.

பிறகு சீசர் வந்தது. கூட்டி வந்த பயிற்சியாளர் ஒரு வாரம் தங்கினார். பட்டை போட்டிருக்கும்போது நாயை யாரும் தொடக்கூடாது, கூப்பிடக்கூடாது என்றார். அப்பாவையும் கூப்பிடக்கூடாது என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான் ஆனது. அப்பாவின் பேச்செல்லாம் நாயோடுதான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போவதைப் பார்ப்பேன். "வெயில்ல நிக்காத, வூட்டுக்குள்ள வா கண்ணு" என்று அம்மா கூப்பிட்டால் அழுகை வரும். ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பயிற்சியாளர் மறுபடி வருவார், நாய் சரியாகப் போகவில்லை என்றால் திரும்பக் கூட்டிப்போய்விடுவார்.

சீசர் சரியாகத்தான் போனது, ஓர் இடம் தவிர. மரமில்லாத அந்த வெறுந்தரையில் அப்பா நின்று, கைப்பிடியை இடப்பக்கம் இழுத்து, நாலு அடி வளைந்து போவார். சீசருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பத்து நாளில் அதுவாகவே வளைந்தது. அப்பா அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். மறதியில் நாயைத் தப்பாகப் பழக்குகிறார் என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்.

பயிற்சியாளர் வந்த அன்று அப்பாவும் நாயும் முன்னால் போக, அவர் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் நான். அந்த இடத்தில் சீசர் வளைந்தது.

"எதுக்கு சார் சுத்துது? ரோடு சும்மாத்தானே கெடக்குது?"

அப்பா தயங்கினார். "அங்க ஒரு மரம் இருக்குதுங்க."

"மரமே இல்லீங்க!" என்று கத்தினேன். "போன வருசமே வெட்டிட்டாங்க. நாய் தப்பா போவுதுங்க!"

அப்பா என் குரல் வந்த பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. "ஆமாங்க, வெட்டிட்டாங்க. மறந்துட்டேன்" என்றார். பயிற்சியாளர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ராணியை அந்த மரத்தைச் சுற்றிப்போகப் பழக்கியதும் அவர்தான். "நாய் நல்லா போவுது சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் அப்பா நேராக நடந்தார். சீசர் பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்கியது. "பேட" என்றார் மெதுவாக. கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் அங்கே ஒருநாளும் வளையவில்லை.

கேட்டருகே நின்று நான் அழுதேன், நாயை அனுப்ப முடியவில்லையே என்று. உண்மையில் அன்று ஒரு நாயை நான் அனுப்பியிருந்தேன். அது ராணி என்று எனக்குத் தெரியவில்லை.