பின் ஜன்னலுக்கு அடித்த கிரில்

1. கட்டிங் செட்டோடு வரச் சொன்னார்கள்

என் பட்டறை கருங்குழியில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது. டிராக்டர், டிரெய்லர், லோடர் என்று எது வந்தாலும் வெட்டி ஒட்டிக் கொடுப்பேன். வண்டியில் இல்லாததைச் சேர்த்துக் கொடுப்பதில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரால் வந்த வினையைத்தான் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலை. பாஸ்கர் போன் செய்தார். சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருப்பவர்.

“சம்பத்து, கட்டிங் செட்ட எடுத்துக்கினு ஒடனே வா. கரை சரிஞ்சு லோடரு குட்டைல எறங்கிடுச்சு. மோசஸ் உள்ள மாட்டிகினு கீறான்.”

“முன்பக்கமா வர முடியலையா?”

“மூக்கு சேத்துல சொருவிகினு கீது. பின்னாடி நீ அடிச்ச கிரில்லு வரமாட்டேங்குது. நாலு பேரு கடப்பாறைய வுட்டு நெம்பியாச்சு. பேசிகினு நிக்காத, வா.”

சிலிண்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியெல்லாம், என் வெல்டிங் ஒரு இடத்திலாவது சொத்தையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். தொழிலில் அப்படி வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

2. போல்ட்டா, வெல்டிங்கா

அது ஸ்கிட் லோடர். சின்ன வண்டி. நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டு பக்கமும் தூக்கும் கைகள் இருப்பதால் பக்கவாட்டில் கதவு கிடையாது. டிரைவர் முன்னாலிருக்கும் மண் வாரும் பக்கெட் மேல் கால் வைத்து முன்பக்கமாகத்தான் ஏறி உட்கார வேண்டும். சீட்டுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

மோசஸ் அந்த வண்டியின் டிரைவர். அவன் அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவன் லோடர் ஓட்டக் கற்றுக்கொண்டு மாதச் சம்பளத்துக்கு வந்தவன். முன்பு ஒருமுறை, குட்டையில் சேறு வாருவதற்காக அவன் சொல்லச் சொல்ல ஓட்டை போட்ட பக்கெட் ஒன்று செய்து கொடுத்தேன். தண்ணீர் வடிந்து சேறு மட்டும் நின்றது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அதற்குப் பிறகு, பழைய கட்டடம் இடிக்கப் போன இடத்தில் கல் பட்டுப் பின் கண்ணாடி உடைந்தது. அந்த வழியாக யாரோ உள்ளே நுழைந்து டூல்ஸைத் திருடிக்கொண்டு போனார்கள். கிரில் அடிக்க பாஸ்கரும் மோசஸும் வண்டியைக் கொண்டுவந்தார்கள்.

“போல்ட் போட்டுத் தரேன், வேணும்னா கழட்டிக்கலாம்” என்றேன்.

“போல்ட்டு வேணாண்ணா. இந்த வண்டி ஆடுற ஆட்டத்துக்கு ஒரு வாரத்துல லூசாயி கடகடன்னு அடிச்சுகினே கெடக்கும். காது போவுது” என்றான் மோசஸ்.

பாஸ்கர் அதற்கு மேல் போனார். “போல்ட்டு போட்டா திருட்டுப்பய ஸ்பேனரோட வருவான். ஃபுல் வெல்டிங் அடிச்சு வுடுப்பா.”

பன்னிரண்டு எம்.எம். கம்பியில் அடித்தேன். வெல்டிங் பிடிக்க இரும்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஜன்னல் ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். அந்த ஜன்னல் வழியாக ஒரு ஆள் வெளியேறுவது போல் அதில் படம் போட்டிருந்தது. ஆங்கிலம் தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது. படத்தைப் பார்த்துக்கொண்டேதான் சுரண்டினேன்.

3. நாலு வெட்டு

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி தலைகுப்புற நின்றது. பின் ஜன்னல் வானத்தைப் பார்த்திருந்தது. உள்ளே மோசஸ் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் அவன் மார்பு வரை இருந்தது. குட்டையை இறைக்கப் பம்பு ஓடியும் தண்ணீர் குறையவில்லை. வண்டிதான் சேற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. சங்கிலி கட்டி இழுத்த டிராக்டர் கரையிலேயே வழுக்கியது. பொக்லைன் திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கேஸ் கட்டரைப் பற்றவைக்க முடியவில்லை. தண்ணீர் மேல் டீசல் படர்ந்திருந்தது, கம்பிக்கு ஒரு சாண் கீழே அவன் முகம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கரண்டில் ஓடும் கட்டிங் கிரைண்டரும் போட முடியாது. கையால் இரும்பு அறுக்கும் ஹேக்ஸாவை எடுத்தேன். இரண்டு கம்பியை எடுத்தால் ஆள் வரலாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெட்டு.

முதல் வெட்டு முடிவதற்குள் இரண்டு பிளேடு ஒடிந்தது. மோசஸ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நெதானமா அறு அண்ணாத்த. பதறுனா பிளேடு ஒடையும்.”

“பேசாத. மூச்ச வச்சுக்க.”

“நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. போல்ட்டு வேணாம்னு நான்தான சொன்னேன்.”

இரண்டாவது வெட்டு முடிந்தபோது தண்ணீர் அவன் தாடையைத் தொட்டது. முகத்தைக் கம்பியோடு ஒட்டி மேலே தூக்கிக்கொண்டான். வண்டி இன்னும் ஒரு முறை குலுங்கி இறங்கியது. மூன்றாவது வெட்டைத் தண்ணீருக்குள் தடவித் தடவி அறுத்தேன். அவன் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. வெட்டு முடிவதற்குள் பிடி விட்டுப்போனது. நாலாவதையும் அறுத்து அவனைத் தூக்கினோம். மார்பை அமுக்கிப் பார்த்தோம். ஆம்புலன்ஸ்காரர் வந்து கையை விரித்தார்.

கடப்பாறைக்கும் அசையாத வெல்டிங். இன்றைக்கும் யாராவது என் வேலையைப் பார்த்து “கெட்டியா கீது” என்று பாராட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறேன்.

4. வெளியே வா

கரை சரிந்ததால் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். கிரில்லைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை. மோசஸின் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து பாஸ்கர் அதே லோடரை ஓட்டிவரச் செய்தார். கூடவே புது டிரைவர்.

“இந்த தடவ கிரில்ல போல்ட்டு போட்டே அடிச்சுக் குடுப்பா” என்றார்.

“உள்ள மாட்டிக்கினவன் எந்த ஸ்பேனர வச்சுக் கழட்டுவான்?” என்று கேட்டேன்.

கீல் வைத்து, உள்ளேயிருந்து ஒரு கையால் திறக்கும் கொண்டி போட்டு அடித்தேன். பிறகு டிரைவரை உள்ளே உட்காரவைத்து, முன்பக்கத்தைத் தகடு வைத்து மறைத்து, “வெளிய வா” என்றேன். இரண்டு தடவை கொண்டி சிக்கியது. இரண்டு தடவையும் பிரித்துச் சரி செய்தேன். மூன்றாவது தடவை வந்தான்.

இப்போது எந்த வண்டியில் எதை ஒட்டினாலும் இப்படிச் செய்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் செய்யுங்கள். மோசஸை அன்றைக்குப் பட்டறையில் ஒரே ஒரு முறை உள்ளே உட்காரவைத்து, முன்பக்கத்தை அடைத்து, “வெளிய வா” என்று சொல்லியிருந்தால் போதும். அந்தக் கிரில்லை அவனே வேண்டாம் என்றிருப்பான்.