சும்மா கிடந்த கார்டு

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே பைக். ஓட்டுகிறவர் என் கணவர், பின்னால் உட்காருகிறவள் நான். கல்யாணமான புதிதில் "நான் ஓட்டட்டுமாங்க?" என்று கேட்டேன். பூந்தமல்லி சாலையில் போன தண்ணீர் லாரியைக் காட்டி, "அத்தப் பாத்தா பிரேக்க உட்டுட்டு கண்ண மூடிக்குவே நீ" என்று சிரித்தார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அதனால்தான் கம்ப்யூட்டரில் லாரி ஓட்ட ஆரம்பித்தேன். யாரையும் சுடவேண்டாம், யாரையும் முந்தவேண்டாம். சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம், அவ்வளவுதான் விளையாட்டு. ஒரே திரையில் ஓட்டியபோது கதவிடுக்கில் நின்று பார்ப்பது போல் இருந்தது. மூன்று திரைகளை வரிசையாக வைத்தால் நடுவில் சாலையும் இருபுறமும் கண்ணாடியும் வயல்வெளியும் வரும் என்று படித்ததும் ஆசை பிடித்துக்கொண்டது.

காட்டுப்பாக்கத்து ஃபிளாட்டின் சின்ன அறையில் துணி காயப்போடும் ஸ்டாண்டை ஓரம் கட்டிவிட்டு மேஜை போட்டேன். என் சம்பளம், என் சனிக்கிழமைகள். என்னிடம் இருந்தது பழைய கிராபிக்ஸ் கார்டு. அது இரண்டு திரைகளுக்கு மேல் தாங்காது. மூன்றாவதற்கு அதே ரகத்தில் இன்னொரு கார்டு வாங்கி, இரண்டையும் மேலே ஒரு சின்னப் பட்டையால் இணைக்கவேண்டும். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி அதற்கு ஜோடி தேடிப் பிடித்தேன்.

மாட்டினால் இரண்டாவது கார்டு கண் திறக்கவே இல்லை. கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியும் அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் கரண்ட் கொடுக்கப் பழைய பவர் சப்ளைக்கு வக்கில்லை என்று கடைசியில்தான் புரிந்தது. அதை மாற்றியதும் வேறு வம்பு. நெருக்கி உட்கார்ந்த இரண்டு கார்டும் அடுப்பாகக் கொதித்தன. கம்ப்யூட்டர் கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். சோபாவில் படுத்தபடி என் கணவர், "இன்னாம்மா, இன்னும் முடியலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு ஸ்குரூவைப் பிடித்துத் தந்ததில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மூன்று திரைகளும் ஒன்றாக எரிந்தன. மூன்றும் சேர்ந்து ஒரே சாலையாக விரிந்தன. இடது கண்ணாடியில் நான் கடந்து வந்த தூரம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கோவில்பதாகையில் என் மாமியாரோடு இருக்கும் கொழுந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். திறந்து கிடந்த கேபினட்டுக்குள் குனிந்து பார்த்தான்.

"அண்ணி, ரெண்டு கார்டு கீதே! ஒண்ணு சும்மாதான கீது?"

"சும்மா இல்ல தம்பி. அதை எடுத்தா மூணாவது ஸ்கிரீன் வராது."

தலையாட்டிவிட்டுக் கறித்துண்டைக் கடித்தான்.

அடுத்த வாரம் ஆபீஸ் விட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். வலதுபக்கத் திரை இருட்டாகவே இருந்தது. உள்ளே பார்த்தால் ஒரு கார்டு இருந்த இடம் காலி. இணைக்கும் பட்டை மட்டும் மேஜைமேல் கிடந்தது.

"தம்பி ஆசையா கேட்டான், கயட்டிக் குட்த்துட்டேன்" என்றார் என் கணவர். "கூடப் பொறந்தவன்கிட்ட இல்லன்னு சொல்லச் சொல்றியா? மூணுல ஒண்ணுதான போச்சு. மீதி ரெண்டுல ஓட்டேன்."

அவர் பேச்சைக் கேட்டு ஓட்டியும் பார்த்தேன். இரண்டு திரைகளை அருகருகே வைத்தால் அவற்றின் சட்டங்கள் சேருமிடம் கண்ணுக்கு நேர் எதிரே வருகிறது. சரியாகச் சாலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தூண். இடமும் வலமும் அழகாகத் தெரிகின்றன, போகும் வழி மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு அந்த மனிதரை நான் மனதார வெறுத்தேன். சாப்பாடு போட்டேன், சாம்பார் ஊற்றினேன், வெறுத்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோவில்பதாகைக்குப் போனோம். ஃபிரிட்ஜின் தலைமேல் என் கார்டு இருந்தது. அதன்மேல் மாமியாரின் மாத்திரை டப்பா.

"அவன் கம்ப்யூட்டர் டப்பாக்குள்ள அது நொயயவே இல்லம்மா" என்றார் மாமியார். "சும்மாதான் கெடக்குது."

"அப்போ நான் எடுத்துக்கறேன் அத்தை."

அவர் முகம் மாறிவிட்டது. "குட்த்தத திருப்பிக் கேக்கிறியே, நல்லாவா கீது? புள்ள மனசு சங்கடப்படாது?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கார்டு இல்லாமல் நான் ஓட்டுவதையே விட்டுவிட்டதும், என் அறையில் மூன்று திரைகளும் செத்துக் கிடப்பதும் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சேனலை மாற்றினார்.

சாயங்காலம் பைக்கில் திரும்பினோம். ஆவடி தாண்டி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி விழுந்து எழுந்தது. எந்தப் பள்ளமும் வருவது எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. இடதுபுறம் கடைகள் தெரிந்தன. வலதுபுறம் எதிரே வரும் விளக்குகள் தெரிந்தன. நடுவில் அவர் முதுகு இருந்தது.