பஸ்ஸுக்கு அடியில் கொள்ளுக்கொடி

பாதி வழி போன பிறகு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருகிற ரகம் நான். இதற்காக என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அவருக்குச் செஞ்சி கடைத்தெருவில் பூசைச் சாமான் கடை. அறுபதுகளின் நடுவில், எங்கள் மூத்த பெண் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு தை அமாவாசை வந்தது. அவர் முதல் நாளே மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் வாசலில் கடை போடப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ஸ்பெஷல் பஸ்ஸில் வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

அமாவாசை பஸ்ஸில் துண்டு போட்டவனுக்குத்தான் இடம். எனக்குத் துண்டு போட ஆள் இல்லை. ஆனால் கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வழி உண்டு. உள்ளே உட்கார்ந்திருக்கிற யாராவது ஒருத்தி மடியில் சன்னல் வழியாகக் குழந்தையைக் கொடுத்துவிட்டு, தாய்க்காரி பின்பக்கப் படியில் முண்டியடித்து ஏறிக்கொள்வாள். ஊர் பேர் யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு டிரைவருக்குப் பின்சீட்டில், சன்னலோரம், மஞ்சள் புடவை கட்டிய ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் இருக்கும். மடியில் அவளுடைய சின்னப் பெண்.

"எக்கா, இவளக் கொஞ்சம் வச்சிக்கிறியா?" என்று நீட்டினேன்.

"குடும்மா. நீ பதறாம ஏறி வா."

பதறாமல் ஏறத்தான் எனக்குத் தெரியாது. ஏறியும் பின்படிக்கு மேலே ஓரடிகூட முன்னால் நகர முடியவில்லை. எனக்கும் என் குழந்தைக்கும் நடுவில் ஒரு பஸ் ஜனம் நின்றது. கண்டக்டரின் தோளுக்கு மேல் எட்டி எட்டி அந்த மஞ்சள் புடவையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வளத்தி தாண்டியதும் ரோட்டில் கொள்ளு போட்டிருந்தார்கள். காய்ந்த கொள்ளுச் செடியைக் களத்தில் போட்டு மாடு கட்டி மிதிக்க விடுவதற்குப் பதில், எங்கள் பக்கத்தில் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் காய் வெடிக்கும். சாயங்காலம் தூற்றி அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். வல்லம் பக்கத்தில் என் பிறந்த வீட்டிலும் இதே கதைதான். அமாவாசைக்கு பஸ்ஸுக்கு மேல் பஸ் வரும் என்று, எங்கள் நைனா அந்த நாளுக்காகவே செடியை அம்பாரமாகக் குவித்து வைத்துக் காத்திருப்பார். அன்றைக்குப் பரப்புவது முழங்கால் உயரம் இருக்கும். தப்பு என்று யாருக்கும் தோன்றியதில்லை.

டிரைவர்களுக்குத்தான் தொல்லை. பஸ்ஸுக்கு அடியில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதில் கொடி சுற்றிச் சுற்றிப் பந்தாகிவிடும். பக்கத்திலேயே புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். பந்து அதில் உரசினால் அவ்வளவுதான். எங்கள் கொள்ளின் மேல் போன ஒரு லாரி அப்படிப் புகைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மற்ற நாட்களில் வண்டியை ஓரம் கட்டி, கிளீனர் அடியில் படுத்து அரிவாளால் அறுத்து இழுத்துப் போடுவான். அமாவாசையன்று யாருக்கு நேரம்? இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்ப வேண்டும். எங்கள் பஸ் ஒரு பரப்பு, இரண்டு பரப்பு என்று சரசரவென்று ஏறிப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அடியில் ஏதோ படபடவென்று அடித்தது.

பிறகு வாசனை வந்தது.

"இன்னாமோ எரியற நாத்தம் அடிக்குதுங்க" என்றேன் கண்டக்டரிடம்.

"கற்பூரம்மா. ஆளுக்கு ஒரு பொட்டலம் வச்சிருக்குது ஜனம். வேற எப்படி அடிக்கும்?"

அது உண்மைதான். பஸ்ஸில் பாதிப் பேர் மடியில் கற்பூரம் இருந்தது. அதை நினைத்ததும் மறுபடி எட்டி அந்த மஞ்சள் புடவையைத் தேடினேன்.

அப்போது நிலத்திலிருந்து நாலைந்து பேர் ரோட்டுக்கு ஏறி, பஸ்ஸின் பின்னால் ஓடி வந்தார்கள். துண்டை வீசிக் கத்தினார்கள். ஸ்பெஷல் பஸ் வழியில் நிற்காது. அமாவாசையன்று வழிநெடுக ஜனங்கள் இப்படித்தான் துண்டு வீசிக்கொண்டு ஓடி வருவார்கள். "இன்னும் எங்கடா ஏத்துறது?" என்று கண்டக்டர் அலுத்துக்கொண்டார். டிரைவரும் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினார். ஓடி வந்தவர்களில் ஒரு பெரியவர் மட்டும் குனிந்து குனிந்து பஸ்ஸின் அடியைக் காட்டினார். அவருக்கு முன்னால், பஸ்ஸிலிருந்து விழுந்த ஒரு கொத்து ரோட்டில் எரிந்துகொண்டு கிடந்தது.

"நிறுத்துங்க! அடியில தீ!" என்று அலறினேன். கண்டக்டர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார். நான் சாதாரணமாக ஆண்பிள்ளைகளிடம் நிமிர்ந்து பேசாதவள். அவர் கழுத்தில் கயிற்றோடு தொங்கிய விசிலைப் பிடித்து இழுத்து ஊதினேன். அவர் தலையும் கூடவே வந்தது. விடாமல் ஊதினேன்.

பஸ் நின்றது. ஓட்டத்தில் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்த தீ, நின்றவுடன் நேராக மேலே கிளம்பியது. அப்படியும் ஜனம் இறங்கவில்லை. "எறங்குனா சீட்டு பூடும்" என்று ஒருவர் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் தரைப்பலகை இடுக்கு வழியாகப் புகை பொங்கிய பிறகுதான் கூச்சல். நான் முன்னால் போகப் பார்த்தேன். என் குழந்தை முன்னால் இருந்தது, ஜனம் பின்னால் வந்தது. என்னை அப்படியே தூக்கி வெளியே தள்ளிவிட்டார்கள். விழுந்து எழுந்து முன் சன்னலுக்கு ஓடினேன். சீட் காலியாக இருந்தது.

மஞ்சள் புடவை, மஞ்சள் புடவை என்று ஒவ்வொருத்தியாகப் பிடித்துத் திருப்பினேன். அங்காளம்மனுக்குப் போகிற கூட்டத்தில் எத்தனை மஞ்சள் புடவைகள்! பேர் தெரியாது, ஊர் தெரியாது, என்னவென்று கூப்பிடுவேன்? கொள்ளுக்காரர்கள் மண்ணை வாரி இறைத்தார்கள். பக்கத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. பஸ் எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன என்றிருந்தது எனக்கு.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், மணிலாக்கொட்டை நிலத்து வரப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். என் பெண் அவள் தோளில், முழித்துக்கொண்டு, சொகுசாக. நான் பிடுங்கிக்கொண்டேன். உச்சி முதல் பாதம் வரை தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்புறம்தான் அவளுடைய பெண் விக்கி விக்கி அழுவது காதில் விழுந்தது. உள்ளங்கால் இரண்டும் வெந்து கொப்புளித்திருந்தன.

"ஐயோ, இன்னாக்கா ஆச்சி?"

"பலக சுட்டுடுச்சி. சன்னல் வழியா ஒரு ஆளு கைய நீட்டுனாரு. ரெண்டு பேத்தையும் சேத்துக் குடுக்க முடியல. இவளக் கீழ நிக்க வச்சிட்டு உன்னுத மொதல்ல குடுத்தேன். அதுக்குள்ள..."

"உன் புள்ளய குடுத்துட்டு அப்பறம் என்னுத குடுத்திருக்கலாமே?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நம்பிக் குடுத்த புள்ளையாச்சேம்மா. நாளைக்கு நீ கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

கொள்ளுக்காரப் பெரியவர் அழுதுகொண்டே தண்ணீர் கொண்டுவந்து குழந்தையின் காலில் ஊற்றினார். அவரைத் திட்டப் பலர் வந்தார்கள். எனக்குத் திட்டத் தோன்றவில்லை. அவர் என் நைனாவாக இருந்திருக்கலாம். தீ அணைந்தது. நடுப்பலகையும் சில சீட்டுகளும் போனதோடு சரி.

செஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போக, திரும்பி வந்துகொண்டிருந்த வேறொரு பஸ்ஸை நிறுத்தினார்கள். நானும் கூடவே ஏறினேன். ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. அவள் உட்கார்ந்து, வெந்த கால் வெளியே நீட்டியிருக்கும்படி பெண்ணை மடியில் கிடத்திக்கொண்டாள். பிறகு, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து மறுபடியும் கையை நீட்டினாள்.

"புள்ளய குடும்மா. கை வலிக்கும் உனக்கு."

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என் பெண்ணைத்தான் முதலில் சன்னலுக்கு வெளியே கொடுத்திருப்பேன். யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். குழந்தையைக் கொடுத்துவிட்டு, செஞ்சி வரும்வரை அந்த இரண்டு சின்னப் பாதங்களையும் என் கைகளில் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.