அப்பாவுக்கு வரிக்கு வரி 'லே'

போன வாரம் ஒரு கதை எழுதி, பெற்ற அப்பாவையே பகைத்துக்கொண்டேன்.

ஹைதராபாத் பக்கம் லோத்குண்டாவில் எங்கள் சபையின் ஆண்டு விழா. "தம்பி ஒரு கதை எழுதி வாசிக்கட்டும்" என்றார்கள். விடுவேனா? எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்! கதாநாயகன் யார்? ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ரிட்டையர் ஆன என் அப்பாதான்.

அவர் பேச்சு இருக்கிறதே... பாதி திருநெல்வேலி, பாதி ஹைதராபாத். 'வேண்டாம்' என்று சொல்லவே மாட்டார் — 'நக்கோலே!' 'ஏன்' என்பதற்குக் 'கைக்குலே?' இருமலைக்கூட விடாமல் அப்படியே எழுதினேன்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தால் மாற்றி வாசித்துவிடுவேனாம். பக்கத்து வீட்டு டெய்சி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா ஒரு வரி வாசிப்பார், ஒரு நிமிடம் சிரிப்பார். அப்பா சிரிக்கவே இல்லை.

"கதையில மவன் ஒருத்தன் வாரானே... அது யாருலே?"

"நான்தான்ப்பா."

"அவன் மட்டும் ரேடியோவுல நியூஸ் வாசிக்க மாதிரி பேசுதான். எனக்கு மட்டும் வரிக்கு வரி 'லே'. படிக்காதவன்னு காட்டணும், அதானே? ஞாயித்துக்கிழம விழாவுக்கு ஒர்க்‌ஷாப் கூட்டாளிங்க எல்லாவனும் வாரான். முன் வரிசையில இருந்து சிரிப்பான்."

"ஐயோ, அப்படி இல்லப்பா! இதுக்குப் போய் கைக்குக் கோவம்?"

டெய்சி அக்கா தாளைக் கீழே வைத்தார். "தம்பி, இப்ப நீ பேசினியே... அதை ஏன் எழுதல?"

எழுதவில்லைதான். அடுத்தவர் பேசினால் வட்டார வழக்கு, நாம் பேசினால் வெறும் தமிழ் — அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? பேனா கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, என் வாயை மட்டும் கழுவிக்கொண்டது!

மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினேன். மகன் வாயில் நக்கோவையும் கைக்குவையும் அள்ளிப் போட்டேன். அப்பாவின் 'லே'க்களை வடிகட்டினேன்... பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே.

சனிக்கிழமை டெய்சி அக்கா மறுபடியும் வாசித்தார். மகன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மவன் அப்படியே நீதாம்லே. அப்பன்தான்... கொஞ்சம் வாத்தியாரு மாதிரி பேசுதான், என்ன?"

"மாத்திரட்டாப்பா?"

அப்பா தாள்களை வாங்கினார். நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நக்கோலே."