பாக்கெட்டில் சிரிக்கும் அக்கா

எங்கள் அக்காவை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். மருந்துக் கடையில், இருமல் மருந்துக்கும் பஞ்சுக்கும் நடுவில், ஒரு பச்சைப் பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருப்பார். என்னோடு கூடப் பிறந்தவர் இல்லை. பொடி கட்டும் கூடத்தில் எனக்கு எதிர் நாற்காலிக்காரர். அவர் நிறுப்பார், நான் லேபிள் ஒட்டுவேன். லேபிளில் அவர் படத்துக்குக் கீழே, ‘பன்னிரண்டு ஆண்டுகள், ஒரு நாள் விடுப்பு இல்லை’ என்று போட்டிருக்கும். இதனால் அவருக்குக் கூடத்தில் ‘சாட்சி அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

பொடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ வயிற்றெரிச்சலில் எழுதுவதாக நினைப்பீர்கள். சுக்கு, சோம்பு, வெந்தயம், புதினா, வெளியே பெயர் சொல்லக் கூடாத ஒரு வேர். பெயர் சொல்லக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அது அதிமதுரம்தான். வெந்நீரில் கலந்து குடித்தால் வயிற்றுக்கு இதமாக இருக்கும், அதில் பொய் இல்லை. இதம் வேறு, வைத்தியம் வேறு என்பதுதான் என் கட்சி. முதலாளியின் கட்சி அப்படியில்லை. தேதிக்கு முன்னால் வரும் எரிச்சல், காரணமில்லாத அழுகை, உப்புசம், தேதியில் வரும் வலி, தேதியே வராத கவலை, எல்லாவற்றுக்கும் ஒரே தேக்கரண்டி என்பார். இதற்கு முன்னால் தரை துடைக்கும் திரவம் விற்றவர் அவர். அதுவும் எல்லாத் தரைக்கும் ஒன்றுதான்.

அக்கா பாக்கெட்டில் ஏறிய கதை வேடிக்கையானது. படம் எடுக்க வேறொரு பெண்ணைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். விளக்கெல்லாம் போட்டு, பச்சைத் துணி கட்டி, எல்லோரும் காத்திருந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. “இன்னைக்கு வர முடியாது சார், வயித்து வலி. மாசா மாசம் வர்றதுதான்.” முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. நம் பொடியைக் குடிக்கச் சொல்லலாமே என்று கூடத்தில் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை, அவர் உட்பட. கையில் கிடைத்த வருகைப் பதிவேட்டைக் கோபத்தில் புரட்டினவர் கண்ணில் ஒரு பெயர் பட்டது. அக்கா வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலு வருடம். ஒரு நாள்கூட விடுப்பு எடுத்திருக்கவில்லை.

பெற்ற வரம் அது. அக்காவுக்கு அந்த நாட்களில் வலி என்பதே கிடையாது. வரும், போகும், அவ்வளவுதான். எங்களுக்கெல்லாம் அதைக் கேட்டால் பொறாமையாக இருக்கும். பொடியை அவர் நாவில் வைத்ததுகூட இல்லை. வெந்தய வாசனை ஆகாது. “நீங்க குடிக்கறதே இல்லையேக்கா” என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, “குடிச்சேன்னு எங்கடி எழுதியிருக்கு? லீவு போடலைன்னுதானே எழுதியிருக்கு. அது நிஜம்தானே?” என்றார். அவர் சொன்னது சரி. முதலாளி அந்த வாக்கியத்தை அப்படித்தான் எழுதியிருந்தார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். தராசில் இரண்டு கிராம் குறைந்தால் ஒட்டிய பாக்கெட்டைப் பிரித்துச் சரிசெய்வார். அப்படிப்பட்டவரை வைத்தே ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார் மனிதர்.

ஆண்டுதோறும் லேபிளில் எண் மட்டும் மாறும். ஐந்து, ஆறு, ஏழு. எண் ஏற ஏற எங்கள் பாடு திண்டாட்டமானது. ‘அந்த’ வலிக்கு விடுப்புக் கேட்பது எங்கள் கூடத்தில் துரோகம். “நம்ம பொண்ணுங்களே லீவு போட்டா, வெளியே தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?” என்று முதலாளி ஒரு தடவை கேட்டார், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சொந்தக்காரர்களைக் கொன்றோம். எனக்கு மட்டும் ஆறு சித்தப்பாக்கள் போய்ச் சேர்ந்தார்கள். என் அப்பாவுக்கு உடன்பிறந்தவர்களே கிடையாது. சித்தப்பாக்கள் தீர்ந்ததும் மாமியாரில் கை வைத்தேன். முதலாளி நல்ல மனிதர், துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது மாமியார். “யாருங்க போனது?” என்று மாமியார் பதறிக் கேட்க, முதலாளி யாரென்று சொல்ல, அன்றைக்கு என் வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. மற்றபடி, கோந்து டப்பாவுக்குக் கீழே இருந்த இழுப்பறையில் வலி மாத்திரை எப்போதும் இருக்கும். யார் வாங்கி வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பொடி கட்டும் கை பொடியை நம்பவில்லை என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

பன்னிரண்டாம் ஆண்டில் அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது. அடர்ந்த நிறத்தில் மட்டும் உடுத்த ஆரம்பித்தார். தராசை விட்டு அடிக்கடி எழுந்து போனார். கூடத்துக்கு ஏறப் பதினேழு படி. ஒன்பதாம் படியில் நின்று செருப்பு வாரைச் சரி செய்வார். தினமும் ஒரே படியில் ஒரே செருப்பு அறுந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“எத்தனை நாளாக்கா?”

“எட்டு நாள்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “போன மாசம் பதினோரு நாள்” என்றார்.

“டாக்டரைப் பார்த்தீங்களா?”

“பொடி குடிக்கிறேன்டி. முதல்ல ஒரு கரண்டி, இப்போ நாலு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ஏன் சிரிக்கறே? இத்தனை பேருக்குக் கேக்குது, எனக்குக் கேக்காதா?”

“யாருக்குக் கேட்டுச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“பாக்கெட்டைப் பாரு. எவ்வளவு தெளிவா இருக்கா அவ!”

“அது நீங்கதான்க்கா!”

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தினம் நானூறு தடவை தன் முகத்தையே பார்த்துப் பார்த்து, அந்த முகம் வேறு யாரோ ஒரு அனுபவசாலி என்று நம்பியிருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கை விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். நகம் காகிதமாக வெளுத்திருந்தது. “நாளைக்கே ஆஸ்பத்திரி” என்றேன். “நான் லீவு போட்டா பாக்கெட் பொய்யாயிடும்டி. பன்னிரண்டு வருஷம் நிஜமா இருந்ததை நான் பொய்யாக்கணுமா?” என்றார். உயிர் போனால்கூட வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற ரகம். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். முள் நின்றால் கண்டுபிடிப்பார், பெண்டாட்டி மூச்சு வாங்குவது காதில் விழாது.

பெண்கள் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை காலையில்தான் பார்ப்பார்கள். நேர் வழி அடைத்திருந்ததால் குறுக்கு வழியில் இறங்கினேன். முதலாளியிடம் போய், “சார், பெண்கள் ஆஸ்பத்திரியில புதன்கிழமை கூட்டம் அலைமோதுது. சாட்சி அக்காவே நேர்ல போய் சாம்பிள் குடுத்தா எப்படி இருக்கும்?” என்றேன். மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இப்படி ஒரு யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்று நெற்றியில் தட்டிக்கொண்டார். ஐம்பது சாம்பிள் பாக்கெட்டை ஒரு பையில் அவரே அடுக்கிக் கொடுத்து, பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே ‘வெளிப் பணி’ என்று எழுதினார். அக்காவுக்கும் மனது சமாதானமானது. லீவு இல்லை, வேலைதான்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார இடமில்லை. நான் வரிசையில் நின்று டோக்கன் வாங்கி வந்தேன், அக்காவுக்கு முப்பத்தொன்று. அதற்குள் மூலை பெஞ்சில் யாரோ அவருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். மடியில் பை, பையின் வாயில் அவருடைய சிரித்த முகங்கள். மேலே இருந்த முகத்துக்கோ சுண்ணாம்பு நிறம். பக்கத்தில் இருபது இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, சட்டைக் கையில் மாவு ஒட்டியிருந்தது. ரொட்டிக் கடையில் வேலையாம். அவள் பையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி பையைப் பார்த்தாள்.

“அக்கா, நீங்கதானே அது?”

அக்கா தலையாட்டினார்.

“அய்யோ, ஒரு வருஷமா உங்க பொடியைத்தான்க்கா குடிக்கிறேன்! மூணு நாள் எழுந்திருக்க முடியாது எனக்கு. வாந்தி வேற வரும். டாக்டர்கிட்ட போகணும்னு சொன்னா எங்க அம்மா உங்க படத்தைக் காட்டுவாங்க. ‘இவளும் பொம்பளைதானே, பன்னிரண்டு வருஷமா தாங்கலையா, உனக்கு மட்டும் என்ன அதிசயமா வலி’ன்னு. இன்னைக்கு வீட்ல சொல்லாமத்தான் வந்தேன்.” பையை மறுபடி பார்த்துக்கொண்டாள். “நீங்களே இங்க வந்து குடுக்கறீங்கன்னா, ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் தருவாங்க போல. நான்தான் அளவு தப்பாப் போடறேனோ? பேசாம ஒண்ணு வாங்கிட்டுத் திரும்பிப் போயிடட்டுமாக்கா? கடையில வேற தேடுவாங்க.”

சொல்லிவிட்டு எழுந்தே விட்டாள். கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு வாய் நமநமவென்றது. ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. அக்காவின் கை பையின் மேல் இருந்தது. வழக்கமாக அந்தக் கைக்கு யோசிக்கத் தெரியாது. பொடி என்றால் எடுக்கும், நிறுக்கும், கொடுக்கும். அக்கா அந்தப் பெண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குத் தெரிந்து இரண்டு கிராம் குறைந்த பாக்கெட்டைத்தான் அப்படிப் பார்ப்பார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்த டோக்கனைக் குடு” என்றார்.

டோக்கனை வாங்கி அந்தப் பெண்ணின் நீட்டிய கையில் வைத்தார்.

“இது என்னோடது. நானும் காட்டிக்கத்தான் வந்திருக்கேன்.”

“உங்களுக்கு என்னக்கா?”

“மாசத்துல பாதி நாள் ரத்தம் போகுது. நாலு கரண்டி குடிச்சும் நிக்கலை. முன்னாடி எனக்கு வலியே இருந்ததில்லைம்மா, அதனாலதான் லீவு போடலை. அப்போ நான் பொடியும் குடிச்சதில்லை. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை.” அக்காவின் குரல் உடைந்தது. “என்னைக் காட்டி உன்னை வலிக்க விட்டாங்களா? தெரிஞ்சிருந்தா நான் அந்தப் படத்துக்கு நின்னிருக்கவே மாட்டேன். உன் நம்பர் என்ன?”

“நாப்பத்தாறு.”

“அதை என்கிட்ட குடு. நீ முதல்ல போ, கடையில தேடுவாங்க.”

அதுதான் நடந்தது. அந்தப் பெண் முப்பத்தொன்றில் உள்ளே போய், ஸ்கேனுக்கு ஒரு சீட்டும் மருந்துக்கு ஒரு சீட்டுமாக வெளியே வந்தாள். நாற்பத்தாறுக்குக் காத்திருந்தபோது அக்கா என் தோளில் சாய்ந்தே இருந்தார். டாக்டரம்மா இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், வந்த காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “ஹீமோகுளோபின் ஆறுதான் இருக்கு. இதோட தினம் மாடியேறி வேலை பார்த்தீங்களா?” கர்ப்பப்பையில் கட்டிகள். பொடியைப் பற்றிக் கேட்டதற்கு அவர் திட்டவில்லை. “சுக்குத் தண்ணி வயித்துக்கு இதமாத்தான் இருக்கும். கட்டியோட அதுக்கு என்ன பேச்சு?” என்றார். அன்றைக்கே படுக்கை, ரத்தம் ஏற்றுதல், பத்தாம் நாள் ஆபரேஷன். கடிகாரக்காரர் ஓடி வந்தார். கால்மாட்டில் நின்றுகொண்டு, “என்கிட்ட சொல்லக் கூடாதா?” என்று கேட்டுக் கேட்டு அழுதார். நான் பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஐம்பதும் அப்படியே இருந்தன.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் முதலாளி பார்க்க வந்தார். கை நிறையப் பழம். எட்டுக் கட்டில் போட்ட வார்டு. நான் அக்காவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு நல்ல சேதியைச் சொன்னார்.

“நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. பதிவேட்டுல இன்னைக்கு வரைக்கும் ‘வெளிப் பணி’ன்னே போட்டுட்டு வரேன். ஆஸ்பத்திரியிலதானே இருக்கீங்க, வெளிப் பணியும் ஆஸ்பத்திரியிலதானே! பன்னிரண்டு வருஷம் அப்படியே இருக்கு, ஒரு கறை படலை. டாக்டர் வேற எல்லாத்தையும் எடுத்துட்டாராமே. இனிமே உங்களுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. நம்ம லேபிள் காலத்துக்கும் நிஜம்!”

கேலியாகச் சொல்லவில்லை. மனதாரச் சந்தோஷப்பட்டார். அதனால்தான் எனக்கு அந்த ஆரஞ்சை அவர் மேலேயே எறிய வேண்டும் போல இருந்தது. அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று முதலாளி கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

“சார், வலிக்குது” என்றார் அக்கா.

“என்னம்மா?”

“வயிறு வலிக்குது சார்.” சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்துக் கட்டில்கள் திரும்பிப் பார்த்தன. “ரொம்ப வலிக்குது. நான் வேலையா வரலை, உடம்பு முடியாம படுத்திருக்கேன். லீவுன்னு எழுதுங்க சார். எல்லா நாளும் லீவுன்னு எழுதுங்க.” சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தார். தையல் இழுத்ததோ என்னவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

‘வயிறு வலிக்குது’ என்று ஒரு பெண் அவர் முகத்துக்கு நேரே சொல்லி அவர் கேட்டதே இல்லை. நாங்கள்தான் சொன்னதே இல்லையே, எல்லோரும் சாவுச் செய்தியாக அல்லவா அனுப்பிக்கொண்டிருந்தோம்! மனிதர் வெலவெலத்துப் போனார். “எழுதறேம்மா, எழுதறேன்” என்றார். என்னைப் பார்த்தார், நான் அசையவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து வார்டு வாசலுக்கே ஓடினார்.

“சிஸ்டர்! இங்க கொஞ்சம் வாங்க, இவங்களுக்கு வயிறு வலிக்குது! நல்ல மாத்திரையாப் பார்த்து ஏதாவது குடுங்க, சீக்கிரம்!”

நர்ஸ் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரை கொண்டுவந்தார். முதலாளியே தண்ணீர் ஊற்றினார். இரண்டும் உள்ளே இறங்கும் வரை தம்ளரை அக்காவின் வாயருகே அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.